அறுந்துபோன பட்டு நூல்

கண்ணாடிக் குழாயைத் தேய்த்தால் அது இறகை இழுக்கும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பலரும் அறிந்த வேடிக்கை இது. ஆனால் அந்த ஈர்ப்பு, தேய்த்த பொருளைவிட்டு எவ்வளவு தூரம் போகும் என்று விடாமல் துருவிப் பார்த்தவர் ஸ்டீபன் கிரே. இங்கிலாந்தின் கேன்டர்பரியில் சாயத்தொழில் செய்தவர்; முதுமையில் லண்டன் சார்ட்டர்ஹவுஸ் அறநிலையத்தில் தங்கியிருந்தார்.

1729-இல், தூசி போகாமலிருக்கக் குழாயின் முனைகளில் தக்கை அடைத்திருந்தார். குழாயைத் தேய்த்தார். இறகு தக்கையை நோக்கிப் பாய்ந்தது. தக்கையை அவர் தேய்க்கவே இல்லை! உடனே தக்கையில் குச்சியைச் செருகி, அதன் நுனியில் தந்தப் பந்தை மாட்டினார். பிறகு குச்சிக்குப் பதில் கயிறு. மாடத்திலிருந்து தொங்கவிட்ட பந்தும் கீழே கிடந்த பித்தளை ரேக்கை இழுத்தது.

கயிற்றைப் படுக்கைவாட்டில் கொண்டுபோக நினைத்து உத்தரத்தில் கயிறு போட்டுக் கட்டினார். பந்தில் அசைவே இல்லை. மின்சாரம் உத்தரத்தில் இறங்கிவிடுகிறது என்று சரியாகவே ஊகித்தார். கென்டில் இருந்த நண்பர் கிரான்வில் வீலர், பட்டு நூலில் தொங்கவிடலாமே என்றார். நூல் மெல்லியது, அதிகம் கசியாது என்பது கிரேயின் கணக்கு. 80 அடி தாண்டியும் மின்சாரம் போனது. தூரத்தைக் கூட்டியபோது பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. மெல்லிய, ஆனால் உறுதியான பித்தளைக் கம்பியைக் கட்டினார்கள். குழாயை எவ்வளவு தேய்த்தும் பந்து ரேக்கை இழுக்கவில்லை.

இந்தத் தோல்விதான் மின்னியலின் பெரிய திருப்பம் என்பேன். மெலிவு அல்ல, பொருளே முக்கியம் என்று தெரிந்தது அப்போதுதான். காரணம் பின்னால் விளங்கியது. உலோகத்தில் சில எலெக்ட்ரான்கள் எந்த அணுவோடும் கட்டுப்படாமல் உலவுகின்றன; மின்னூட்டம் தடையின்றி ஓடிவிடும். பட்டிலும் கண்ணாடியிலும் அவை அணுக்களோடு பிணைந்தே கிடப்பதால், தேய்த்து ஏற்றிய மின்னூட்டம் அந்த இடத்திலேயே தங்குகிறது. அதுதான் நிலைமின்சாரம். கையில் பிடித்துத் தேய்த்த உலோகம் எதையும் இழுக்காததன் மர்மமும் இதுவே: மின்னூட்டம் உண்டாகிறது, நம் உடல் வழியே தரைக்குப் போய்விடுகிறது.

பட்டுக்கே திரும்பிய கிரே, 765 அடிவரை மின்சாரத்தை அனுப்பினார். 1731-இல் ராயல் சொசைட்டியின் முதல் காப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டும் அவருக்கே.

கிரேயின் சோதனையைக் கெடுத்த கம்பி இன்று உயிர் காக்கிறது. குழாயில் பாயும் பெட்ரோலிலும் மின்னூட்டம் சேரும். ஆவியில் ஒரு பொறி பட்டால் போதும். அதனால்தான் டேங்கர் லாரியிலிருந்து பெட்ரோல் இறக்கும்போது எர்த் கம்பி மாட்டுகிறார்கள். பங்க்கில் வேலை செய்பவர்களே, எவ்வளவு அவசரமானாலும் அதை மாட்டிய பிறகே வால்வைத் திறவுங்கள்.