போர்வையை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் குடும்ப மரபு பற்றிய பாடம் என்றால் பெரும்பாலும் 'குவில்ட்' வந்துவிடும். துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் கனமான போர்வை அது. பிள்ளைகள் ஆளுக்கொரு காகிதச் சதுரத்தில் தம் வீட்டைப் பற்றி ஏதாவது வரைவார்கள்; ஆசிரியர் அவற்றைச் சேர்த்து ஒட்டிச் சுவரில் மாட்டுவார். பார்க்க அழகுதான். ஆனால் ஏற்கெனவே தெரிந்ததற்கு மேல் தன் முன்னோரைப் பற்றி அந்தப் பிள்ளை எதுவும் அறிந்துகொள்வதில்லை. போர்வை ஒரு வரலாற்றுச் சான்று. அதைச் செய்யப் பழக்குவதற்கு முன் வாசிக்கப் பழக்க வேண்டும்.

அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் இதற்கு நல்ல தொடக்கம். அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர். பண்ணை முதலாளியின் குடும்பப் பெயரான பெட்வேதான் இன்றும் பலருக்குப் பெயர். 1932இல் கடனுக்காக ஏராளமான குடும்பங்களின் கால்நடைகளும் கலப்பைகளும் தானியமும் பறிமுதலாயின. அங்கே கிழிந்த துணியைக்கூட யாரும் எறிந்துவிடவில்லை. 1942இல் கணவர் இறந்தபின், மிசூரி பெட்வே அவருடைய வேலை உடைகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். உதவிய மகள் அர்லோன்சியா, தந்தையை நினைவில் வைத்திருக்கவே அம்மா அதைத் தைத்தார் என்று பின்னாளில் சொன்னார். துணியும் அதற்குச் சாட்சி: வயல்வேலையில் வெளுத்த காற்சட்டைகள் அதில் அப்படியே தெரிகின்றன. எட்டு வயதுப் பிள்ளையாலும் அந்த வெளுப்பைக் கவனிக்க முடியும். ஏன் வெளுத்தது என்று கேட்கவும் முடியும்.

இந்த வயதில் இவ்வளவு துயரம் எதற்கு, சுவையான கதை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பல வகுப்பறைகளில் அத்தகைய கதை ஒன்று உலவுகிறது: தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்ட வேலியில் போர்வைகளைச் சங்கேதமாகத் தொங்கவிட்டார்களாம். ஒரே குடும்பத்தின் வாய்மொழியை ஆதாரமாகக் கொண்டு 1999இல் வந்த ஒரு நூல் இதைப் பரப்பியது. தப்பி வந்தவர்கள் தாமே விட்டுச்சென்ற வரலாறுகளிலோ இதைப் பற்றிப் பேச்சே இல்லை. வாய்மொழியை நான் மறுக்கவில்லை. அர்லோன்சியாவின் சொல்லுக்குத் துணி துணைநிற்கிறது. இந்தக் கதைக்கு அப்படி எதுவும் இல்லை. மெய்யாகத் தைத்தவர்களின் உழைப்பை மறைக்கும் கதையை மரபென்று கற்பிப்பது அவர்களுக்கே அநீதி.

மெய்யான வரலாறு சுவையற்றதும் அன்று. ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், விவிலியக் காட்சிகளைத் துணியில் வெட்டி ஒரு போர்வையில் பதித்தார். அதை விலைக்குக் கேட்டபோது முதலில் தர மறுத்தவர், பின்னர் நெருக்கடியால் ஐந்து டாலருக்கு விற்றார். ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் அவர் சொல்லச் சொல்ல, வாங்கிய ஜென்னி ஸ்மித் எழுதிக்கொண்டார். அதனால்தான் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அதைப் பார்ப்பவர்களுக்கு அந்தக் காட்சிகள் புரிகின்றன.

வீட்டில் போர்வையே இல்லாத பிள்ளைகளும் புலம்பெயர்ந்த, தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளும் என்ன செய்வார்கள் என்பது நியாயமான கேள்வி. பொருளைக் கொண்டுவரச் சொன்னால் அவர்கள் தலைகுனிய நேரும். வகுப்பு முழுவதற்கும் பொதுவான ஒரு போர்வையின் படத்தை நடுவில் வைத்தால் அந்தச் சங்கடம் இல்லை. ஆசிரியர்களே, காகிதத்தையும் பசையையும் எடுப்பதற்கு முன் ஒரு பாடவேளையை அந்தப் படத்துக்குக் கொடுங்கள். இந்தத் துணி யாருடையது, எப்படித் தேய்ந்தது, யார் சொல்லி நமக்குத் தெரியும் என்று பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள்.