நாலரை அடி: படுக்கையின் அளவும் இறங்கும் உரிமையும்

தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ ஒரு மெத்தைக் கடைக்குப் போய் ‘நாலரை அடி அகலத்துல வேணும்’ என்று கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி ‘ஏன் சார், யாருக்கு?’ என்பதாக இருக்கும். நாலு என்றால் கேள்வி கிடையாது. அஞ்சு, ஆறு என்றாலும் கிடையாது. நாலரை என்றதும் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது. வழக்கமான அளவு தன்னைப் பற்றி எந்த விளக்கமும் தருவதில்லை. வழக்கத்திலிருந்து விலகுவது மட்டுமே வாக்குமூலம் தர வேண்டியிருக்கிறது. அதிகாரம் தன்னை இயல்பு என்று காட்டிக்கொள்வது எப்படி என்பதைப் பெரிய நூல்களில் தேடுகிற நாம், ஆறு அங்குல வித்தியாசத்திலும் அதைப் பார்க்க முடியும்.

இன்று கடைகளில் கிடைக்கும் அளவுகளைப் பார்ப்போம். நீளம் 72, 75, 78 அங்குலம். அகலம் 36, 48, 60, 72 அங்குலம். சிங்கிள், டபுள், குயின், கிங் என்று பெயர். பேச்சில் ‘ஆறேகாலுக்கு அஞ்சு’, ‘ஆறரைக்கு ஆறு’. அகலத்தில் படிக்குப் படி ஓரடி இடைவெளி. மனித உடல்களும் வீட்டு அறைகளும் இப்படி ஓரடி ஓரடியாக வளர்வதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் உடலும் அறையும்தான் மெத்தைக்கு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. விருந்தாளியின் காலை வெட்டியோ இழுத்தோ கட்டிலுக்குச் சரியாக்கினான் என்று கிரேக்கக் கதை சொல்கிற புரோக்ரஸ்டஸ் கொடியவன். நம் காலத்தில் அந்த வேலையைச் செய்வது விலைப்பட்டியல்.

முன்பு நிலைமை வேறு. இலவம்பஞ்சு மெத்தையைக் கட்டிலின் அளவு சொல்லித் தைக்கக் கொடுத்தார்கள். பஞ்சுக்கு எடைக்கணக்கில் காசு. சில வருஷத்தில் பஞ்சு அமுங்கினால் பிரித்து அடித்துத் திரும்ப அடைத்துக்கொள்ளலாம். கட்டில் முதலில், மெத்தை பிறகு. கர்ல்ஆன் 1962இலும் டியூரோஃப்ளெக்ஸ் 1963இலும் தொடங்கப்பட்டன. ரப்பர் கலந்த தேங்காய்நார் மெத்தையும் பின்னர் ஃபோம் மெத்தையும் ஆலையில் செய்து அடுக்கப்பட்டபோது வரிசை தலைகீழானது. மெத்தையின் அளவுக்குக் கட்டில், கட்டிலின் அளவுக்கு அறை, அந்த அறைக்கு ஏற்ற வாழ்க்கை. இதில் வசதியும் விலைக்குறைப்பும் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அளவு சொல்கிற உரிமை வீட்டிலிருந்து ஆலைக்கு நகர்ந்தது.

வீட்டுக்குள்ளும் அந்த உரிமை எல்லோரிடமும் இருந்ததில்லை. நம் ஊரில் கட்டிலும் மெத்தையும் பீரோவும் சீர்வரிசையில் வருகின்றன. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், கேட்காமல் தந்த பரிசு என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்திருப்பதால் அவை தாராளமாக வருகின்றன. காசு பெண் வீட்டுடையது. கட்டில் போடுகிற அறை ஆண் வீட்டுடையது. அளவைத் தீர்மானிப்பது சபையில் அது எப்படித் தெரியும் என்கிற கவலை. ‘ஆறரைக்கு ஆறு குடுத்தாங்க’ என்றால் கௌரவம். அதில் படுக்கப்போகிற இரண்டு பேரிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. மதுரையில் ஒவ்வோர் இரவும் சுந்தரேசுவரர் பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்குப் போகிறார், அறை அவளுடையது. மனுஷிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இனி அறைக்கு வருவோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டில் வசிப்பறை ஒன்றுதான் என்றால் குறைந்தது 9.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு இருந்தால் ஒன்று 9.5, மற்றது 7.5 சதுர மீட்டர் இருந்தால் போதும். 7.5 என்பது ஏறக்குறைய பத்தடிக்கு எட்டடி. சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் வாடகைப் போர்ஷனில் குடியிருப்பவர்களுக்கு இந்த அறையை விவரிக்க வேண்டாம். எட்டடி என்றால் 96 அங்குலம். தலைமாட்டை எட்டடிச் சுவரில் வைத்து, கால்மாட்டுக்கு எதிரே பீரோவை நிறுத்துவதாகக் கொள்வோம். நீளத்தில் சிக்கல் இல்லை: 120 அங்குலத்தில் மெத்தைக்கு 75, பீரோவுக்கு 19 போனால் 26 மிச்சம், பீரோக் கதவு திறக்கும்.

சிக்கல் அகலத்தில். ஆறடி போட்டால் மிச்சம் 24 அங்குலம். பக்கத்துக்கு ஓரடி, அதில் யாரும் நடக்க முடியாது. ஆகவே கட்டிலை ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிவிடுகிறோம். அஞ்சடி போட்டால் பக்கத்துக்கு 18 அங்குலம். ஒருக்களித்து நகரலாம், கர்ப்பிணி நகர முடியாது. நாலடி போட்டால் பக்கத்துக்கு இரண்டடி, நடக்க ராஜபாட்டை. ஆனால் படுக்கிறவருக்கும் ஆளுக்கு இரண்டடிதான். தாம்பரத்தில் ரயிலேறி நெல்லைக்குப் போகிறவர் ஓர் இரவு படுக்கிற பெர்த்தின் அகலம் ஏறக்குறைய அவ்வளவு. ஆயுள் முழுக்க அதில் படுக்க முடியுமா? நாலரை அடியில், அதாவது 54 அங்குலத்தில், ஆளுக்கு 27 அங்குலம் படுக்கை, பக்கத்துக்கு 21 அங்குலம் வழி. தாராளம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருவரும் தத்தம் பக்கத்தில் இறங்கலாம்.

இந்த இறங்குதலைத்தான் அளவு பற்றிய பேச்சு மறைத்துவிடுகிறது. சுவரோடு ஒட்டிய கட்டிலில் உள்பக்கம் படுப்பவர் ராத்திரி எழ வேண்டுமென்றால் மற்றவரைத் தாண்ட வேண்டும் அல்லது எழுப்ப வேண்டும். யார் உள்ளே, யார் வெளியே? தண்ணி லாரிக்கு விடியுமுன் எழுகிறவள் வெளிப்பக்கம் படுப்பாள். அவள் தூக்கம் சீக்கிரம் கலைய வேண்டும் என்பதே அந்த இடத்தின் பொருள். எழுந்திருக்கும் வேலை இல்லாத வீட்டில் அவளே உள்பக்கம், சுவருக்கும் ஆளுக்கும் நடுவில். வேண்டாம் என்று தோன்றுகிற இரவில் விலகிப் படுக்கவோ எழுந்து போகவோ அவளுக்கு வழி இல்லை. ஒரு பெண்ணின் மறுப்பு வார்த்தையில் மட்டும் இல்லை, 21 அங்குலத்திலும் இருக்கிறது. ‘பெட் பெருசா இருந்தா நிம்மதி’ என்கிற பொதுப்புத்திக்கு இது புரிவதில்லை.

1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகம் வந்தது. பின்னர் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்பெனிகள் வந்தன. ஷிப்டு முடிந்து ஒருவர் ராத்திரி மூன்று மணிக்கு வருகிறார். இன்னொருவர் அஞ்சரைக்கு எழுகிறார். ‘தம்பதி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு நேரங்கள் படுத்திருக்கின்றன. இவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: 27 அங்குலத்தில் இரண்டு தனித்தனி மெத்தை, ஒரே கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில். அஞ்சடிக் கட்டில் என்றால் இரண்டு முப்பது. ஒருவர் புரண்டால் மற்றவருக்கு அசைவு குறைவு. முதுகுவலிக்காரர் கெட்டியாகவும் மற்றவர் மெத்தென்றும் எடுக்கலாம். நடுவில் ஒரு பிளவு தெரியும். அதைக் குடும்பத்தின் பிளவாகப் படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அப்பகுதியில் தண்ணீர் புகுந்தது. நனைந்த ஃபோமும் நாரும் எளிதில் காயாது. தரைத்தளத்தில் குடியிருப்பவர் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: தண்ணீர் வரும் இரவில் வீட்டில் ஒரே ஆள் இருந்தால் இந்த மெத்தையைப் பரண் மேல் ஏற்ற முடியுமா? ஆறடி மெத்தையை ஒருவர் தூக்குவது சிரமம். 27 அங்குலத்தைத் தூக்கலாம். குறுகிய மாடிப்படியில் திருப்பவும் அதுவே சுலபம்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் அறையை அளக்க வேண்டும், பிறகு கதவுகள் திறக்கும் தூரம், பிறகு உடல். நீளத்துக்கு, இருவரில் உயரமானவரின் உயரத்தோடு ஆறு அங்குலமாவது கூட்டுங்கள். அஞ்சரை அடி ஆளுக்கு 72 போதும், ஆறடி ஆளுக்கு 78 வேண்டும். கட்டில் ஏற்கெனவே இருந்தால் சட்டத்தின் உள்பக்கத்தை மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவிலிருந்து அரை அங்குலம் கழித்துச் சொல்லுங்கள். நார், ஃபோம் இரண்டையும் சொன்ன அளவுக்கு வெட்டித் தருவார்கள். ஸ்பிரிங் மெத்தையை வெட்ட முடியாது; அளவு சொல்லி ஆலையில்தான் செய்ய வேண்டும். இலவம்பஞ்சு எந்த அளவுக்கும் தைக்கலாம். 90க்கு 100 அங்குலப் பெட்ஷீட் 54 அங்குல மெத்தைக்குப் பக்கத்துக்கு 18 அங்குலம் தொங்கும், செருகப் போதும். எலாஸ்டிக் வைத்த விரிப்பு மட்டும் தையல்காரரிடம் போக வேண்டும். கொசுவலை அஞ்சடிக்கானதை வாங்கிக்கொள்ளலாம்.

‘திருப்பிக் குடுத்தா எடுக்க மாட்டோம், ரீசேலும் போவாது’ என்பார் கடைக்காரர். அது உண்மைதான். நாளைக்கு வேறு வீடு போனால் இந்தக் கணக்கு பொருந்தாமலும் போகலாம். குழந்தை வந்தால் நாலரை அடி பற்றாது. தரையில் ஒரு பாய் விரிக்க வேண்டிவரும். யார் பாய்க்குப் போவது என்று அப்போதும் பேச வேண்டும். அளவுநாடாவின் ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை மற்றவரும் பிடித்து ‘உனக்கு எந்தப் பக்கம் வேணும்?’ என்று கேட்டுக்கொள்வது, சீரில் வந்த கட்டில் ஒருபோதும் அனுமதிக்காத உரையாடல். கடையில் காரணம் கேட்டால் சொல்ல இது போதும்.