சுமைக்கா, குடும்பத்துக்கா? டபிள் கெப்பும் ஜீப்பும் பற்றிய ஒரு கணக்கு

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்களிலும் வாகனம் வாங்குவது பற்றிய பேச்சு புத்துயிர் பெற்றது. வயலும் வியாபாரமும் உள்ள குடும்பங்களில் இப்பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றது. நான்கு கதவும் பின்புறம் திறந்த பெட்டியும் கொண்ட டபிள் கெப் வாங்குவதா, அல்லது முழுவதும் மூடிய ஜீப் ரக வாகனம் வாங்குவதா என்பதே அது. காணியை விற்று, நகையை ஈடுவைத்து, வெளிநாட்டில் உழைத்ததைச் சேர்த்து எடுக்கப்படும் முடிவு இதுவென்பதால், இதனை நிதானமாக ஆராய்வது அவசியமாகின்றது.

டபிள் கெப்புக்கு எமது பிரதேசத்தில் உள்ள மதிப்பு ஒரே நாளில் ஏற்பட்டதன்று. யுத்த காலத்தில் படுவான்கரையின் கிரவல் வீதிகளிலும் குளக்கட்டுகளிலும் சிறிய கார்கள் ஓட முடியாதிருந்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் உதவி நிறுவனங்களின் வெள்ளை நிற டபிள் கெப்கள் ஊரெங்கும் ஓடின. அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் அவற்றிலேயே வந்திறங்கினர். கெப் வாகனம் செல்வாக்கின் அடையாளமாக மாறியது இவ்வாறே. எனினும் அன்றைய நிலைமை இன்று பெருமளவு மாறிவிட்டது. 2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதுடன், கொக்கட்டிச்சோலைக்குச் செல்வதற்கு அங்கு படகுப் பாதைக்காகக் காத்திருந்த காலம் முடிவுக்கு வந்தது. பிரதான வீதிகள் காபட் இடப்பட்டுள்ளன. வாகனத்தின் தேவை குறைந்துள்ள போதிலும் அதன் மீதான மோகம் குறையவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

இவ்விரு வாகனங்களும் எவ்வாறு அமைக்கப்படுகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். டபிள் கெப்பின் அடியில் ஏணி போன்ற உறுதியான இரும்புச் சட்டகம் உண்டு. உடற்பகுதியும் பெட்டியும் அதன் மேல் பொருத்தப்படுகின்றன. பின்சில்லுகளுக்குப் பெரும்பாலும் தட்டு வில்களே போடப்பட்டிருக்கும். ஜீப் என்று நாம் அழைக்கும் வாகனங்களோ இரு வகையானவை. டொயோட்டா பொர்ச்சூனர், மிட்சுபிஷி மொன்டெரோ ஸ்போர்ட், இசுசு எம்.யூ.எக்ஸ் போன்றவை முறையே ஹைலக்ஸ், எல் 200, டி-மெக்ஸ் ஆகிய கெப்களுடன் உறவுடையவை. அவற்றுக்கும் அதே ஏணிச் சட்டகம்தான். ஆனால் பின்புறத்தில் சுருள் வில்கள் இருப்பதால் பயணம் மென்மையாக இருக்கும். ஹொண்டா வெசல் போன்ற சிறிய ஜீப்கள் உண்மையில் உயர்த்தி அமைக்கப்பட்ட கார்களேயாகும். அவை காபட் வீதிக்குச் சிறந்தவை. வயற்கட்டில் இழுத்தடிப்பதற்கு உகந்தவை அல்ல. ஆகவே 'ஜீப்' என்ற ஒரு சொல்லை நம்பி விலை பேசுவது தவறாகும்.

அடுத்ததாகச் சுமைக் கணக்கைப் பார்ப்போம். இந்த ரக டபிள் கெப் ஏறத்தாழ 1,000 கிலோகிராம் சுமக்கும் என்று கூறப்படுகின்றது. அந்த 1,000 கிலோவில் ஏறி அமர்பவர்களின் நிறையும் அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சராசரி 70 கிலோ நிறையுள்ள பெரியவர்கள் ஐவர் ஏறினால் 350 கிலோ அங்கேயே போய்விடும். எஞ்சிய 650 கிலோவுக்கு 50 கிலோ உர மூடைகள் 13 மட்டுமே ஏற்றலாம். அறுவடைக் காலத்து நெல்லை இதில் ஏற்றி முடிக்க இயலாது. அதற்கு எப்படியும் உழவு இயந்திரமோ லொறியோ வந்தே ஆகவேண்டும். ஆதலால் வருடத்தில் எத்தனை நாட்கள் இந்தப் பெட்டி உண்மையிலேயே நிரம்பும் என்பதே வாங்குவோர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய முதற் கேள்வியாகும்.

பெட்டி வெறுமையாக இருக்கும் நாட்களைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். பாரத்துக்கென அமைந்த தட்டு வில்கள் பாரமின்றி ஓடும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாசனத்தில் இருப்போரைத் தூக்கிப்போடும். நனைந்த வீதியில் இலேசான பின்புறம் வழுக்கவும் கூடும். டபிள் கெப்பின் பின்னாசனச் சாய்வு பொதுவாக நிமிர்ந்தே இருக்கும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட இரவுப் பயணத்தில், உம்றாவுக்குச் செல்லும் வாப்பாவையும் உம்மாவையும் விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்வோருக்கு இது சிறிய விடயமன்று. முழங்கால் நோவுள்ள அம்மம்மா சேலையுடனோ மூத்தம்மா அபாயாவுடனோ அந்த உயரத்துக்கு ஏறி இறங்குவதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மாரி மழையில் பயணப் பைகள் திறந்த பெட்டியில் நனையும். மூடி போட்டால் மேலும் செலவாகும். ஜீப்பிலும் குறை இல்லாமலில்லை. ஏழு ஆசனங்கள் உள்ள வாகனத்தில் மூன்றாம் வரிசையில் ஆட்களை அமர்த்தினால் பைகளுக்கு இடம் போதாது. மீன் கூடையையும் கிருமிநாசினிப் போத்தலையும் பிள்ளைகள் சுவாசிக்கும் அதே அறைக்குள் ஏற்ற நேரிடும்.

இவை வசதி பற்றியவை. உயிர் பற்றிய விடயம் வேறொன்றுண்டு. கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் பெருநாள் பயணத்துக்கும், உள்ளே இடமில்லாத பிள்ளைகள் கெப்பின் பின்பெட்டியில் ஏற்றப்படுவது எமது வீதிகளில் சாதாரணக் காட்சியாகிவிட்டது. அந்தப் பெட்டியில் ஆசனமில்லை, பட்டியில்லை, கூரையில்லை. திடீரென பிரேக் பிடித்தாலோ மாடு குறுக்கே வந்தாலோ முதலில் வீசியெறியப்படுவது அங்குள்ள பிள்ளையே. ஐவருக்கு மேற்பட்ட குடும்பம் டபிள் கெப் வாங்கினால், யாராவது ஒருவர் அந்தப் பெட்டியில் ஏறும் நாள் வந்தே தீரும். எமது பார்வையில் டபிள் கெப்புக்கு எதிரான மிகப் பலமான காரணம் இதுவேயாகும்.

உயரமான வாகனம் வெள்ளத்தைக் கடந்துவிடும் என்ற எண்ணமும் அதே அளவு ஆபத்தானது. ஓடும் வெள்ளம் 30 சென்றிமீற்றர் உயர்ந்தாலே பல கார்களை மிதக்கச் செய்யும். 60 சென்றிமீற்றர் அளவில் ஜீப், கெப் உட்படப் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லும் என்பது உலகெங்கும் அனர்த்த அதிகாரிகள் விடுக்கும் எச்சரிக்கையாகும். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வாவியின் தென்புறத்தே காரைதீவு மாவடிப்பள்ளியில், உயரமான உழவு இயந்திரமே வெள்ளத்தில் அள்ளுண்டு மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்த துயரத்தை இப்பிரதேசத்தின் எந்தச் சமூகமும் மறந்திருக்காது. நான்கு சில்லுகளுக்கும் வலுக் கொடுக்கும் அமைப்பு சேற்றிலிருந்து வெளியேற உதவும். நீரின் வேகத்தை எதிர்த்து நிற்க அது உதவாது. காற்று உறிஞ்சும் குழாய் வழியே நீர் புகுந்தால் இயந்திரமே உடைந்து போகலாம். ஹைபிரிட் வாகனங்களில் மின்கலம் பெரும்பாலும் பின்னாசனத்தின் அடியிலோ பொருள் வைக்கும் தளத்தின் கீழோ இருப்பதையும் மறந்துவிடலாகாது. வாவி நீர் உவர் கலந்தது. அதில் இறங்கிய வாகனத்தின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவாவிடின் துரு பிடிப்பது நிச்சயம்.

பணக் கணக்குக்கு வருவோம். இந்நாட்டில் வாகன வரியில் இயந்திரத்தின் கொள்ளளவு பெரும் பங்கு வகிக்கின்றது. எனவே பெரிய டீசல் இயந்திரம் கொண்ட கெப்புக்கும் பெரிய ஜீப்புக்கும் செலுத்தும் விலையில் கணிசமான பகுதி வரியாகவே செல்கின்றது. எரிபொருளிலும் வித்தியாசம் உண்டு. டீசல் டபிள் கெப் ஒரு லீற்றரில் 10 கிலோமீற்றரும் சிறிய ஹைபிரிட் ஜீப் 15 கிலோமீற்றரும் ஓடுவதாகக் கொண்டால், மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்கு 50 லீற்றர் வித்தியாசம் வரும். 2022ஆம் ஆண்டு கியூ.ஆர். முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுக்கப்பட்ட நாட்களில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த 50 லீற்றரின் பெறுமதி நன்கு விளங்கும்.

வணிக வாகனத்துக்கு லீசிங் கூடுதலாகக் கிடைக்கின்றது என்பதற்காக மட்டும் கெப்பை நாடுவதும் உசிதமன்று. கூடுதலாகக் கிடைப்பது கூடுதலான கடனே. வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் குடும்பங்கள் இஜாரா, முராபஹா போன்ற முறைகளை நாடுகின்றன. எம்முறையாயினும் மாதத் தவணையை மட்டும் கேட்டுத் திருப்தியடையாமல், இறுதித் தவணை வரை செலுத்தும் மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். சொந்தப் பாவனைக்கெனக் காப்புறுதி செய்த கெப்பைக் கூலிக்கு ஓட்டித் தவணை கட்டலாம் என எண்ணுவோர், விபத்து நேர்ந்தால் நட்டஈடு மறுக்கப்படக்கூடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இறக்குமதித் தடைக் காலத்தில் பழைய வாகனங்கள் வாங்கிய விலையிலும் கூடுதலாக விற்கப்பட்டன. அதை நம்பி வாகனத்தைச் சொத்தாகக் கருதுவது இனிப் பொருந்தாது.

இவற்றைத் தொகுத்து நோக்கின் எமது முடிவு இதுதான். உன்னிச்சை, நவகிரி நீர்ப்பாசனப் பகுதிகளில் சொந்த வயலோ பண்ணையோ வைத்து, வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் சுமையுடன் கிரவல் வீதியில் ஓடும் குடும்பம், ஐவருக்கு உட்பட்டதாயின் டபிள் கெப் வாங்குவது நியாயமானதே. மற்றையோருக்கு, அதாவது பாடசாலை, சந்தை, போதனா வைத்தியசாலை, உறவினர் வீடு என்று ஓடுவோருக்கு, மூடிய வாகனமே பொருத்தமானது. அதிலும் குடும்பத்தின் அளவுக்கேற்ற சிறியதே போதுமானது. போகத்துக்கு ஓரிரு தடவை வரும் சுமைக்குப் பட்டா ரக வாகனமோ லேண்ட் மாஸ்டரோ வாடகைக்குக் கிடைக்கும். அந்த வாடகை அயலூர்த் தொழிலாளி ஒருவரின் வீட்டில் அடுப்பெரியவும் உதவும்.

முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் ஒரு போகம் முழுவதும் ஒரு கொப்பியில் குறித்து வருவது நன்று. எத்தனை நாள் சுமை ஏறியது, எத்தனை பேர் பயணித்தனர், எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்ற மூன்று விடயங்கள் போதும். அத்துடன் வீட்டில் உள்ள மூத்தவரையும் சிறியவரையும் அழைத்துச் சென்று, அவர்களைப் பின்னாசனத்தில் ஏற்றி இறக்கிப் பார்த்த பின்னரே விலை பேச வேண்டும். எந்த வாகனத்தை வாங்கினாலும் அதன் பின்பெட்டியில் பிள்ளைகளை ஏற்றுவதில்லை, ஓடும் வெள்ளத்தில் அதனை இறக்குவதில்லை என்ற உறுதியை எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள ஒவ்வொரு குடும்பமும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.