பழைய ட்ரக், புது பார்ட்ஸ்... ஸ்டீயரிங்கில் மட்டும் கலக்காதீங்க பாஸ்!

ரீல்ஸில் அடிக்கடி கண்ணில் படுற வண்டிதான். தரையை ஒட்டி இறக்கின பாடி, பளபள பெயின்ட், பின்னாடி நீளமா திறந்த தொட்டி. ஷெவர்லே சி10 பிக்கப். அமெரிக்காவில் 1967 முதல் 1972 வரை வந்த மாடலுக்குத் தனி ரசிகர் கூட்டமே இருக்கு.

வாங்குறவங்க முதலில் கை வைக்கிறது முன்பக்கத்தில். காரணம், பிரேக். 1970 வரைக்கும் இதில் நாலு வீலிலும் டிரம் பிரேக்தான். 1971-ல்தான் முன் வீல்களுக்கு டிஸ்க் வந்தது. ‘அப்போ 71 வண்டியோட பார்ட்ஸைக் கழட்டி 68-ல் மாட்டிட்டா முடிஞ்சுது’னு தோணும். மாட்டவும் முடியும். 1973-87 தலைமுறை வண்டியிலிருந்து எடுத்து மாட்டுறவங்களும் உண்டு. முழு செட்டா மாத்தாம, ஸ்பிண்டில் ஒரு வண்டியில், டை ராட் இன்னொரு வண்டியில்னு எடுக்கும்போதுதான் வினை ஆரம்பம்.

டை ராட்னா, நீங்க ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வீலைத் தள்ளி, இழுத்துத் திருப்புற கம்பி. அதன் முனையில் இருக்கிற ஸ்டட் நேரான போல்ட் கிடையாது. கூம்பு மாதிரி ஒரு பக்கம் சிறுத்துப் போகும். அது போய் உட்காருற துளையும் அதே சரிவில் இருக்கணும். ரெண்டும் முழுசா ஒட்டிப் பிடிச்சாத்தான் பலம். நட் அந்தப் பிடியை இறுக்கி வைக்குது, அவ்வளவுதான்.

எவர்சில்வர் டப்பாவுக்கு வேற டப்பா மூடியைப் போட்டுப் பாருங்க. மூடின மாதிரிதான் இருக்கும், தூக்கினா தெரியும். இங்கேயும் அதே கதைதான். துளை பெருசா இருந்தா ஸ்டட் ரொம்ப உள்ளே இறங்கிடும்; நட்டுக்கு மரை தீர்ந்துபோகும், ஆனா பிடி இருக்காது. துளை சின்னதா இருந்தா ஸ்டட் மேலேயே நின்னுடும். ரெண்டிலுமே நட் டைட்டா இருக்கிற மாதிரி கைக்குத் தெரியும். ஓட ஓட ஆட்டம் கண்டு, ஒருநாள் ஸ்டட் முறிஞ்சா அந்த வீல் உங்க பேச்சைக் கேட்காது. நெடுஞ்சாலையில் அது நடந்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

சரிபார்க்கிறது சுலபம். ரெண்டையும் சுத்தமா துடைச்சு, ஸ்டட்டில் மார்க்கர் பூசி, துளையில் வெச்சுத் திருப்பி எடுங்க. மை சுத்திலும் சமமா அழிஞ்சிருந்தா ஓகே. ஒரு விளிம்பில் மட்டும் அழிஞ்சிருந்தா அந்த ஜோடி வேண்டாம். பால் ஜாயின்ட்டுக்கும் இதே டெஸ்ட்தான்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கமான விஷயம். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கன்ட்ரோல் ஆர்ம் ஒரு வளைவில் மேலும் கீழும் போகும். டை ராடும் ஏறக்குறைய அதே வளைவில் போகணும். நீளமோ உயரமோ மாறிட்டா, ஒவ்வொரு பள்ளத்துக்கும் வீல் தானா திரும்பப் பார்க்கும். பம்ப் ஸ்டீயர்னு பேரு. ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்கினா ஆர்ம், டை ராட் ரெண்டோட கோணமும் மாறிடும். டிராப் ஸ்பிண்டில்னு ஒண்ணு கிடைக்குது. அதில் வீல் மாட்டுற இடம் மட்டும் மேலே இருக்கும். வண்டி இறங்கும், கோணங்கள் பழையபடியே இருக்கும். என்னைக் கேட்டா, ஸ்பிரிங்கை வெட்டுற ஐடியாவை மறந்துட்டு இதுக்குச் செலவு பண்ணலாம்.

ஒரு காமெடியும் இருக்கு. 1970 வரைக்கும் சி10 வீலுக்கு ஆறு போல்ட், 1971-லிருந்து அஞ்சு. முன்பக்கத்தை மட்டும் மாத்தினா முன்னாடி அஞ்சு, பின்னாடி ஆறு. அப்புறம் ஸ்டெப்னி மட்டும் ரெண்டு வேணும்! அதனால பலர் பின் ஆக்ஸிலையும் சேர்த்தே மாத்திடுறாங்க.

பழைய வண்டிகளைப் பிரிக்கிற யார்டில் வாங்குறதா இருந்தா, கிராஸ்மெம்பரிலிருந்து டை ராட் வரைக்கும் ஒரே வண்டியில் எடுக்கிறதுதான் நிம்மதி. தேஞ்ச ஜாயின்ட்டுகளை எப்படியும் மாத்தணும். அப்போ கடைக்காரர் கேட்கப்போற முதல் கேள்வி, ‘எந்த வருஷ வண்டி?’ பதிவுப் புத்தகத்தில் 1968னு இருக்கும், மாட்டினது 1979 ஸ்பிண்டிலா இருக்கும். எந்த பார்ட் எந்த வருஷத்துதுனு எழுதி டேஷ்போர்டில் போட்டு வெச்சிடுங்க. நாளைக்கு அந்த வண்டியை வாங்கப்போறவருக்கும் சேர்த்துத்தான்.