மதகைச் சுற்றி வளரும் சுரப்பி

மலேசியாவின் ஜெராம் பக்கத்துக் கடலோரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மதகைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் ஏறும்போது மதகை மூடுவார்கள். வற்றும்போது திறந்து, செம்பனைக்கு அடியில் தேங்கிய நீரை வெளியே விடுவார்கள். மதகின் வாயில் சேறும் புல்லும் சேர்ந்துவிட்டால் முதலில் யாருக்கும் தெரியாது. நீர் கொஞ்சம் மெதுவாக வடியும், அவ்வளவுதான். பிறகு வாய்க்கால் ததும்பும். கடைசியில், மதகிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் மரத்தின் வேர் அழுகும். வாடிய மரத்தைப் பார்த்து மதகைச் சந்தேகிக்கப் பழக்கம் வேண்டும்.

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் இரவில் நான்கு முறை, ஐந்து முறை எழுவார். லயத்துக்குப் பின்னால் இருந்த கக்கூசுக்கு டார்ச் லைட் ஒளி போவதும் வருவதுமாக இருக்கும். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்த பழக்கம் என்று பாட்டி சொல்வார். “இனிப்பு நீரா இருக்கும்” என்பார் பக்கத்து வீட்டுக்காரர். தாத்தா மட்டும், “வயசாச்சுப்பா, வேற என்ன?” என்று முடித்துவிடுவார். ஒரு மழை நாளில் சளிக்குக் கடையில் வாங்கிய மருந்தைக் குடித்துவிட்டுப் படுத்தார். நடுராத்திரியில் ஒரு சொட்டு நீர்கூடப் பிரியவில்லை. அடிவயிறு பந்து போல எழும்பி நின்றது. மருத்துவமனையில் டியூப் போட்டு நீரை இறக்கிய பிறகுதான் அவர் முகம் மனித முகமாயிற்று. வலி தீர்ந்ததும் அவர் முதலில் சொன்னது, இதை யாரிடமும் சொல்லாதே என்பதுதான்.

அவரைத் தவிக்கவிட்டது புராஸ்டேட். புத்தகங்களில் முன்னிற்கும் சுரப்பி, சுக்கிலச் சுரப்பி என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறோம். பேச்சில் ஒன்றும் நிலைக்கவில்லை. நாட்டு வழக்கில் பெயரில்லாத உறுப்பு அது. பெயர் இல்லாததாலேயே அதன் நோவும் வீட்டுக்குள் பேச்சாகாமல் போகிறது.

சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயை மோதிரம் போலச் சுற்றி அது உட்கார்ந்திருக்கிறது. இளைஞனிடம் ஏறக்குறைய 20 கிராம். விந்தோடு சேரும் நீரில் ஒரு பங்கைச் சுரந்து, உயிரணுக்கள் நீந்த உதவுவது அதன் வேலை. மற்ற பல உறுப்புகள் வயதாக ஆகச் சுருங்கும்போது, இது நாற்பதைத் தாண்டியதும் மறுபடி வளரத் தொடங்குகிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் பாதிப் பேரிடமும், எண்பதைத் தாண்டியவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடமும் இந்த வளர்ச்சியின் அடையாளத்தை நுண்ணோக்கியில் காணலாம். விலங்குகளில் நம்மைப் போல இந்தத் தொல்லைக்கு அடிக்கடி ஆளாவது, நம் வாசலில் படுத்திருக்கும் நாய்தான்.

வளர்வது எந்தப் பகுதி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குழாயை ஒட்டிய உள்பகுதி பருக்கும்போது வழி குறுகுகிறது. நின்றால் உடனே வருவதில்லை. வந்தால் நூலாக வருகிறது. முடிந்தது என்று திரும்பினால் சொட்டுகிறது. சிறுநீர்ப்பை அடைப்பை எதிர்த்து முக்கி முக்கித் தன் சுவரைத் தடிக்கவைத்துக்கொள்கிறது. ஆண்டுகள் போனால் அதுவும் களைத்து, முழுதும் காலியாகாமல் நீரைத் தேக்குகிறது. தேங்கிய நீரில் கிருமி வளர்கிறது, கல் உருவாகிறது. இன்னும் மேலே அழுத்தம் ஏறினால் சிறுநீரகங்கள் வீங்கிப் பழுதாகின்றன. இந்தக் கடைசிக் கட்டம் பலருக்கு வலியே இல்லாமல் வந்துவிடுகிறது. வேர் அழுகும் சங்கதி இதுதான்.

தாத்தா குடித்த சளி மருந்துக்கும் இதில் பங்கு உண்டு. மூக்கடைப்பைத் திறக்கும் மருந்துகள் புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசையை இறுக்கிவிடும். தூக்கம் வரவைக்கும் சளி மருந்துகள் சிறுநீர்ப்பையின் பலத்தைக் குறைக்கும். ஏற்கெனவே குறுகிய வழி அதோடு அடைபட்டுவிடும். மதுவும் மலச்சிக்கலும் நெடுநேரம் அடக்கிவைப்பதும் இதையே செய்யும். வயதானவருக்குச் சளி மருந்து வாங்கும் பிள்ளைகள், “அப்பாவுக்கு நீர் பிரிவதில் சிரமம்” என்று மருந்துக் கடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. மலேசியாவில் நீரிழிவு மிகுதியாக இருப்பது நம்மவர்களிடம்தான். அந்த நோயும் இரவில் எழுப்பும், சிறுநீர்ப்பையின் நரம்பையும் கெடுக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது சாதாரணம். ஆனால் நீரிழிவு கொண்டவருக்கு நீர் நிறைய வரும். புராஸ்டேட் பருத்தவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை வரும். வீட்டிலேயே கவனிக்கக்கூடிய வேறுபாடு இது. முடிவு சொல்வது மருத்துவரின் பரிசோதனை.

புராஸ்டேட் வீக்கத்துக்கு மருந்து கிடைத்த கதையை நான் பலமுறை நினைத்து வியந்திருக்கிறேன். கரீபியக் கடலில் டொமினிக்கன் குடியரசு என்ற நாடு. அங்கே சலினாஸ் என்ற ஒதுக்குப்புறமான ஊர். பெண் என்று எண்ணி வளர்க்கப்பட்ட சில பிள்ளைகள், பருவமடையும் வயதில் ஆணுடல் பெற்றார்கள். ஜூலியன் இம்பெராட்டோ மெக்கின்லி என்ற அமெரிக்க மருத்துவர் அங்கே போய் ஆராய்ந்து 1974இல் காரணத்தை எழுதினார். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் சுரப்புநீரை இன்னும் வீரியமான வடிவமாக மாற்றும் நொதி அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு. கருவில் ஆண் உறுப்பு உருவாக அந்த வீரிய வடிவம் தேவை. அது இல்லாததால் பிறக்கும்போது பெண் போலத் தெரிந்தார்கள். அவர்கள் வளர்ந்து ஆண்களான பிறகும் புராஸ்டேட் மட்டும் சிறியதாகவே இருந்தது. அந்த நொதியை ஒரு மாத்திரையால் தடுத்தால் முதியவரின் புராஸ்டேட்டும் சுருங்குமே என்று மருந்து ஆய்வாளர்கள் யோசித்தார்கள். அப்படிப் பிறந்த ஃபினாஸ்டிரைடு 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏதோ ஒரு தீவின் ஏழைக் குடும்பங்களின் உடல், ஜெராம் கிழவருக்கும் மருந்து தந்திருக்கிறது.

அதே கதையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் இந்த மருந்து அதன் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கலாம். ஆகவே கர்ப்பிணியான மகளோ மருமகளோ உடைந்த மாத்திரையைக் கையால் தொடக் கூடாது. மாமனாருக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துத் தருவது பெரும்பாலும் அவர்கள்தானே.

இந்த மாத்திரை பலன்தர ஆறு மாதமாவது ஆகும். பெரிதாகப் பருத்தவர்களுக்கே நன்றாக உதவும். சிலருக்குக் காம நாட்டம் குறையலாம். உடனடி ஆறுதலுக்கு டாம்சுலோசின் போன்றவை இருக்கின்றன. அவை சுரப்பியைச் சுருக்குவதில்லை. இறுகிய தசையைத் தளர்த்துகின்றன. சில நாள்களிலேயே நீர் இலகுவாகப் பிரியும். படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றும் என்பதால், உட்கார்ந்து நிதானித்து எழ வேண்டும்.

தொல்லை லேசாக இருந்தால் மருந்துகூட வேண்டாம். இருட்டிய பிறகு தே தண்ணியைக் குறைப்பதும், ஒருமுறை போய்விட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி முயல்வதும் பலருக்குப் போதும். மருந்துக்கும் அடங்காதவர்களுக்கு அறுவை. கத்தி என்றதும் நம் பெரியவர்கள் வயிற்றைக் கிழிப்பதாக நினைத்து ஓடுகிறார்கள். பெரும்பாலும் வெளியே கீறலே கிடையாது. சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைத்த சதையை உள்ளிருந்து சீவி எடுக்கிறார்கள். லேசர் கொண்டும் செய்கிறார்கள். பிறகு உறவின்போது விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போகக்கூடும். அதனால் உடலுக்குக் கெடுதல் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதிர்ச்சியும் இல்லை.

இளைஞர்களுக்கும் இந்தச் சுரப்பி நோவு தரும். குளிர்காய்ச்சலும் நீர்க்கடுப்பும் அடியில் வலியும் சேர்ந்து வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். வாரக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும்.

புற்றுநோய் தனிக் கதை. சாதாரண வீக்கம் புற்றாக மாறுவதில்லை. புற்று பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில், குழாயை விட்டுத் தள்ளித் தொடங்குகிறது. அதனால் தொடக்கத்தில் நீர் தடைபடுவதே இல்லை. மலேசியாவில் புராஸ்டேட் புற்று கண்டறியப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை தடயம் தரும். ஆனால் சாதாரண வீக்கத்திலும் தொற்றிலும் அந்த அளவு ஏறும்; ஃபினாஸ்டிரைடு சாப்பிடுபவரிடம் பாதியாகக் குறையும். வெறும் எண்ணைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். மருத்துவர் விரலால் தொட்டுப் பார்ப்பதற்கு வெட்கப்பட்டு எழுந்து வந்துவிடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். அரை நிமிட வேலை அது.

வெட்கம் என்றதும் பெரியார் நினைவுக்கு வருகிறார். 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து நம் முன்னோரிடம் பேசியவர். முதுமையில் சிறுநீர் இறங்கக் குழாய் பொருத்தி, அது சேரும் வாளியோடு ஊர் ஊராகப் போய் மேடையேறினார். 1973 டிசம்பர் 19இல் சென்னை தியாகராய நகரில் கடைசியாகப் பேசினார். ஐந்தாம் நாள் வேலூர் மருத்துவமனையில் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் முன்னால் அவர் மறைக்காததை, நம் வீட்டுப் பெரியவர்கள் பெற்ற பிள்ளையிடம் மறைக்கிறார்கள்.

ஜெராமிலேயே அரசு கிளினிக் இருக்கிறது. பதிவுக்கு ஒரு ரிங்கிட். தேவையென்றால் அங்கிருந்தே பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். நீரில் இரத்தம் தெரிந்தாலோ, நீர் முழுதும் நின்றுபோனாலோ கடிதத்துக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றவர்கள் நாளைக் காலை பசியாறும்போது அப்பாவிடம் கேளுங்கள்: “ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்கப்பா?”