ஒரே முகவரி, வெவ்வேறு கோரிக்கைகள்: சேவையகம் பிரித்தறிவது எப்படி?

மாணவர்களே, மேலோடியில் ஒரு முகவரியைத் தட்டச்சுச் செய்தவுடன் அது சேவையகத்துக்கு ஒரு கோரிக்கையை அனுப்புகின்றது என்பதை அறிவீர்கள். அக்கோரிக்கையின் முதலாவது சொல்லே கோரிக்கை முறை எனப்படும். 1991 இல் எச்.ரி.ரி.பி. நடப்பொழுங்கின் ஆரம்ப வடிவத்தில் 'கெற்' மாத்திரமே இருந்தது. 1996 இன் 1.0 பதிப்பு 'ஹெட்', 'போஸ்ற்' ஆகியவற்றையும் வரையறுத்தது. 'புற்', 'டிலீற்' போன்றவை 1997 இன் 1.1 பதிப்பில் இடம்பெற்றன.

நூலக இணையத்தளம் ஒன்றில் 'நூல்கள்' என்னும் பக்கம் உள்ளதெனக் கொள்வோம். சேவையகச் செய்நிரல் பின்வருமாறு அமையும்:

முறை 'கெற்' எனின், நூற்பட்டியலை அனுப்புக.
அன்றேல் முறை 'போஸ்ற்' எனின், படிவத் தரவைச் சரிபார்த்துப் புதிய நூலைச் சேர்க்க.
அன்றேல் 405 ஐ அனுப்புக.

பாய்ச்சற் கோட்டுப் படத்தில் நீங்கள் வரைந்த அதே தெரிவுதான் இது, புதிதாக எதுவுமில்லை. 404 எனின் கேட்ட பக்கம் கிடைக்கவில்லை. 405 எனின் பக்கம் உண்டு, ஆனால் அம்முறைக்கு அங்கு அனுமதியில்லை. இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

'கெற்' தகவலைப் பெறுவதற்கு மட்டுமே. அதனால் சேவையகத் தரவு மாறக்கூடாது. இவ்விதியை மீறினால் என்ன நடக்கும்? 2005 இல் கூகிள் நிறுவனம், பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பயனர் சொடுக்க முன்னரே தானாகப் பெற்று வைக்கும் மென்பொருள் ஒன்றை வெளியிட்டது. சில தளங்களில் 'அழி' என்பதும் சாதாரண 'கெற்' இணைப்பாகவே எழுதப்பட்டிருந்தது. மென்பொருள் அதையும் பின்தொடர்ந்தது. பயனர் எதையும் சொடுக்காமலே அவரது தரவுகள் அழிந்தன! பலர் கூகிளையே குறை கூறினர். என்னைக் கேட்டால், பிழை அத்தளங்களின் செய்நிரலில்தான்.

'போஸ்ற்' இல் வேறொரு சிக்கல் உண்டு. படிவத்தை அனுப்பியபின் பக்கத்தைப் புதுப்பித்தால் அதே தரவு மீண்டும் செல்லலாம்; ஒரு நூல் இருமுறை பதிவாகிவிடும். மேலோடி எச்சரிப்பது இதனாலேயே. நல்ல செய்நிரல், பதிவு முடிந்ததும் 303 என்னும் குறியீட்டால் மேலோடியை வேறொரு பக்கத்துக்கு அனுப்பிவிடும். பிறகு எத்தனை முறை புதுப்பித்தாலும் அப்பக்கமே 'கெற்' மூலம் மீண்டும் வரும்.

என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் காணும் பிழை: "போஸ்ற் தரவை மறைகுறியாக்கும்." இது தவறு. 'கெற்' படிவத்தில் தரவு முகவரியின் இறுதியில் தெரியும். மேலோடியின் வரலாற்றிலும் பதிவாகும். 'போஸ்ற்' அதனைக் கோரிக்கையின் உடற்பகுதியில் வைக்கின்றது, அவ்வளவே. மறைகுறியாக்கம் எச்.ரி.ரி.பி.எஸ். இன் வேலை. எனவே கடவுச்சொல் கேட்கும் படிவத்துக்கு இரண்டுமே தேவை.

வினா: நூலின் பெயரைக் கொண்டு தேடும் படிவத்துக்கு எம்முறை பொருத்தமானது? காரணம் இரண்டு தருக.