பைக்கின் பின்னால் ஒரு கேமராக் கம்பம்

ஓட்டுபவரின் முதுகு, கைப்பிடி, முன்னே விரியும் சாலை ஆகிய மூன்றும் ஒரே காட்சியில் அடங்கும்படி, சிறு கேமரா ஒன்றைப் பைக்கின் பின்புறம் உயர்த்தி நிறுத்தும் தண்டே கேமராக் கம்பம். ஹெல்மெட்டில் மாட்டிய கேமராவில் ஓட்டுபவர் தெரிவதில்லை. தலை திரும்பும் பக்கமெல்லாம் காட்சியும் திரும்பிவிடும். கம்பத்துக் கேமரா வண்டியோடு சேர்ந்து சாய்கிறது. அதனால் வளைவுகளில் வண்டி காட்சியின் நடுவே நிமிர்ந்து நிற்க, அடிவானம் சரிகிறது. கேமராவில் உள்ள அடிவானச் சமன் வசதியை இயக்கினால் அடிவானம் நேராக நிற்கும். வண்டியும் ஆளும் சாய்வது தெரியும். ஹார்டுவேர் கடைப் பொருள்களையும் ஒரு டிரில்லையும் கொண்டு இந்தக் கம்பத்தை வீட்டிலேயே செய்துவிடலாம். அதன் நீளம், பருமன், பிடிமானம் ஆகிய அனைத்தையும் தீர்மானிப்பது அதிர்வு.

பொருத்தும் இடம்

பின்னால் அமர்பவருக்கு நிலையான கைப்பிடி இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் கட்டளை. எனவே இந்தியச் சாலைகளில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் உறுதியான கிராப் ரெயில் உண்டு. அது வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருப்பதால் கம்பத்துக்கு ஏற்ற இடம். லக்கேஜ் கேரியர் இருந்தால் இன்னும் நல்லது. மட்கார்டு, நம்பர் பிளேட் தாங்கி, இண்டிகேட்டர் ஆகியவை பளு தாங்கா. ஸ்விங் ஆர்மில் பொருத்துவதும் தவறு. ஷாக் அப்சார்பருக்குக் கீழே இருப்பதால், ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் குறையாமல் கேமராவுக்குப் போய்ச் சேரும்.

குழாயின் விறைப்பு

ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட கம்பம், மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்த ஸ்கேலைப் போல ஆடும். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். சுவர்த் தடிமன் மாறாமல் குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால், எடை இரண்டு மடங்குதான் கூடும். விறைப்போ ஏறத்தாழ எட்டு மடங்கு உயரும். ஆகவே பருத்த, குட்டையான குழாயே சிறந்தது. அலுமினியத்தின் எடையும் விறைப்பும் எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதே எடையில் பருத்த குழாய் கிடைப்பதும் துருப்பிடிக்காததும் அலுமினியத்தின் சாதகங்கள். பி.வி.சி. குழாயின் விறைப்பு அலுமினியத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். வெயிலில் இன்னும் இளகும். அதைத் தவிர்க்க வேண்டும்.

அதிர்வெண் கணக்கு

ஒவ்வொரு கம்பத்துக்கும் இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் அதிர்வு அதனோடு ஒத்துப்போனால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். இதுவே ஒத்ததிர்வு. பைக்கில் அதிர்வு இரண்டு வழிகளில் வருகிறது. மேடுபள்ளங்களும் சக்கரச் சுழற்சியும் தருவது பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே, 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு எட்டு அல்லது ஒன்பது முறைதான் சுழல்கிறது. எஞ்சின் தருவது அதைவிட மேலே: நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளில் 50 ஹெர்ட்ஸ், 6,000 சுற்றுகளில் 100 ஹெர்ட்ஸ். கம்பத்தின் அதிர்வெண் இவ்விரண்டுக்கும் இடையே 30 முதல் 40 ஹெர்ட்ஸில் அமைவது நல்லது.

கேமராவும் அதன் பிடியும் சேர்ந்து 200 கிராம் என்று கொள்வோம். 25 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள அலுமினியக் குழாய், அடிப்பகுதி அசையாமல் இருந்தால், 80 செ.மீ. நீளத்தில் ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸிலும் 60 செ.மீ. நீளத்தில் 30 ஹெர்ட்ஸிலும் அதிரும். 40 செ.மீ. ஆக்கினால் 58 ஹெர்ட்ஸுக்கு ஏறி, எஞ்சினின் வரம்புக்குள் நுழைந்துவிடும். 12 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. சுவரும் உள்ள மெல்லிய குழாயோ 80 செ.மீ. நீளத்தில் 5 ஹெர்ட்ஸில் தள்ளாடும். வெளியே நீளும் பகுதி 60 செ.மீ. இருப்பது பொருத்தம் என்பதே இதன் முடிவு.

காட்சிக்கும் இந்த நீளம் போதும். கேமரா முதுகிலிருந்து 90 செ.மீ. தள்ளி நின்றால், 50 செ.மீ. அகலத் தோள்கள் சுமார் 31 பாகையை அடைக்கும். 120 பாகை லென்ஸில் அது கால்பங்கு. மீதி முழுவதும் சாலைக்கு.

செய்முறை

70 செ.மீ. குழாய், 5 மி.மீ. தடிமனுள்ள அலுமினியத் தகடு, நான்கு யு-போல்ட்டுகள், வாஷர்கள், நைலாக் நட்டுகள் ஆகியவை தேவை. சாதாரண நட்டு அதிர்வில் கழன்றுவிடும். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு மரையை இறுகப் பற்றும். இரண்டு யு-போல்ட்டுகளால் தகட்டைக் கிராப் ரெயிலில் இறுக்கிக்கொண்டு, மற்ற இரண்டால் குழாயின் அடிப்பகுதி 10 செ.மீ.யைத் தகட்டோடு பிணைக்க வேண்டும். உலோகங்களுக்கு இடையே பழைய சைக்கிள் டியூபை ஒரு சுற்றுச் சுற்றினால் வழுக்காது, பெயின்ட்டும் உரசாது. தடித்த ரப்பர் வேண்டாம். அது அடிப்பகுதியை இளக்கிக் கம்பத்தின் அதிர்வெண்ணைக் குறைக்கும். அடிப்பகுதி முழுமையாக இறுகாவிட்டால், குழாயின் நடுவிலிருந்து கேரியருக்கு மெல்லிய தாங்குகம்பி ஒன்றைக் கொடுத்து முக்கோணமாக்கலாம்.

குழாயின் மேல்முனையில் அலுமினியக் கட்டை ஒன்றைச் செருகி, அதில் கால் அங்குல போல்ட்டைப் பதிக்க வேண்டும். அங்குலத்துக்கு 20 மரை கொண்ட இந்த அளவே கேமரா முக்காலிகளில் பரவலாக உள்ளது. பந்துமூட்டு உள்ள தலைப்பிடி அதிர்வில் சரிந்துவிடும். ஒரே திசையில் மடங்கி, திருகி இறுக்கும் பிடி போதும்.

கேமரா

சென்சார் காட்சியை வரிவரியாகப் படிப்பதால், வேகமான அதிர்வில் படம் ஜெல்லியைப் போல நெளியும். மின்னணு நிலைநிறுத்தல் வசதி மெதுவான குலுக்கலைச் சரிசெய்யும்; எஞ்சினின் நுண்ணதிர்வை அதனால் முழுமையாக அகற்ற முடியாது. கைப்பேசி இதற்கு ஏற்றதன்று. மோட்டார் சைக்கிளின் கடும் அதிர்வு ஐபோன் கேமராவின் ஒளியியல் நிலைநிறுத்தலைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. இரண்டு லென்ஸ் கொண்ட 360 பாகைக் கேமராவில் இன்னொரு நன்மை உண்டு. கேமரா கம்பத்தின் அச்சிலேயே நின்றால், கம்பம் இரு காட்சிகளும் இணையும் தளத்தில் விழுந்து படத்திலிருந்து மறைந்துவிடும்.

பாதுகாப்பு

கேமராவிலிருந்து கிராப் ரெயிலுக்கு மெல்லிய எஃகுக் கயிறு ஒன்று கட்டாயம் வேண்டும். கேமரா கழன்றாலும் சக்கரத்தையோ தரையையோ தொடாத நீளம் அதற்குப் போதும். நம்பர் பிளேட், பின்விளக்கு, இண்டிகேட்டர் எதையும் கம்பம் மறைக்கக் கூடாது. வண்டியின் அகலத்துக்கு வெளியேயும் நீளக் கூடாது. பின்னால் யாரும் அமராதபோதுதான் இதைப் பயன்படுத்த வேண்டும். ஏறும்போது காலைப் பின்புறமாக வீசினால் கம்பத்தில் இடிக்கும். முன்பக்கமாகக் காலைத் தூக்கி ஏறப் பழக வேண்டும். முதல் ஓட்டத்தைக் கேமராவுக்குப் பதில் அதே எடையுள்ள பொருளைக் கட்டி, வாகன நெரிசல் இல்லாத சாலையில் மெதுவாக நடத்திவிட்டு, எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் யு-போல்ட், தகடு, எஃகுக் கயிறு ஆகியவற்றைச் சோதித்து, விரிசல் தெரிந்த பாகத்தை உடனே மாற்ற வேண்டும்.